வாப்பா விழுங்கிய வாக்கியம்

என் வாப்பா இஸ்ஸல்மூ பொய் சொல்லாதவர் என்று எங்கள் பாலைவன நகரத்தின் அரபாத் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆட்டைத் திருடிவிட்டான் என்று சண்டையா, பக்கத்து வீட்டுச் சுவர் இரண்டு முழம் தள்ளி எழும்பிவிட்டதா, கூப்பிடு இஸ்ஸல்மூவை. அவர் ஒரு சொல் சொன்னால் இரண்டு தரப்பும் மூன்றாவது கிளாஸ் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போகும். அப்பேர்ப்பட்ட மனிதர், தன் தம்பி மகள் தெக்பரின் நிக்காஹ் சபையிலும் பொய் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விழுங்கினார், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தால் அவள் இரண்டு வருஷம் வாயடைத்துக் கிடந்தாள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், சொல்லி முடிக்காமல் விடுவதாக இல்லை.

தெக்பர் என்னைவிட ஆறு வயது சின்னவள். அவள் வாப்பா ஹமூத், நுவாதிபூ சாலையில் லாரி கவிழ்ந்து இறந்தபோது அவளுக்கு எட்டு வயது. அவள் உம்மா மறுமணம் செய்துகொண்டு அதார் ஊருக்குப் போய்விட்டார். தெக்பர் எங்கள் வீட்டில் வளர்ந்தாள். என்னை லாத்தா என்பாள், என் வாப்பாவைப் பெரிய வாப்பா என்பாள். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஓதுகிற குடும்பம். அதனால் அவளையும் ஓதல் பள்ளியில் உட்காரவைத்தார்கள். மரப்பலகையில் பாடத்தை எழுதி, மனப்பாடம் ஆனதும் மையைக் கழுவிவிட்டு, அடுத்ததை எழுத வேண்டும். திருமணச் சட்டம், வியாபாரச் சட்டம், பாகப்பிரிவினை, எல்லாம் செய்யுளில்தான் இருக்கும். மற்றப் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டு ஓதுவார்கள். இவள் ஒரே மூச்சில் பதினெட்டு அடி போவாள். உஸ்தாதே விரல்விட்டு எண்ணுவார்.

பன்னிரண்டு வயதில் யாருடைய போனிலோ முதன்முதலாக ராப் கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "லாத்தா, இவங்க நம்ம பள்ளிப் பாடத்தத்தான் ஓதுறாங்க. ஆனா ஓதிக்கிட்டே திட்டுறாங்க!" என்றாள். கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

எங்கள் பெண்கள் பாட்டுக் கட்டாதவர்கள் இல்லை. இரண்டே அடியில் காதலைச் சொல்லும் தெப்ரா எல்லா வீட்டிலும் உண்டு. மருதாணி போடும்போது, தேநீர் ஆற்றும்போது, பெண்கள் பெண்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆண் காதில் விழக் கூடாது. யார் கட்டியது என்று கேட்கவே கூடாது. என் உம்மாவே நல்ல நல்ல தெப்ரா கட்டியவர் என்று சித்தி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உம்மாவைக் கேட்டால், "யாரு சொன்னா? போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்பார். ஆக, பாட்டு இருக்கலாம், பாட்டுக்காரி இருக்கக் கூடாது. இதுதான் எங்கள் ஊர் நியாயம்.

தெக்பருக்கு அந்த நியாயம் ஒத்துவரவில்லை. மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் ஒரு மைக் வாங்கினாள். பெரிய சந்தையில் எனக்கு மெல்ஹஃபா கடை. நாங்கள் உடம்பைச் சுற்றித் தலைவரை போர்த்திக்கொள்ளும் சாயத்துணிதான் மெல்ஹஃபா. கடை குறுகல், மூன்று சுவரிலும் கூரை முட்டத் துணி அடுக்கியிருக்கும். உள்ளே நின்று பேசினால் குரல் துளியும் எதிரொலிக்காது. அதை அவள்தான் கண்டுபிடித்தாள். மதிய வெயிலில் சந்தை அடங்கியதும் நான் கதவைப் பாதி இறக்கிவிடுவேன். அவள் சுவரைப் பார்த்து நின்று பாடுவாள். பாடி முடித்துத் திரும்பும்போது மூக்கு நுனியில் நீலச் சாயம் ஒட்டியிருக்கும்.

அப்படிப் பதிவு செய்ததுதான் அந்தத் தண்ணீர்ப் பாட்டு.

*கழுத வண்டி வருது, கேனு ரெண்டு தருது,*
*கழுத குடிச்ச மிச்சந்தானே எங்க வீட்டுக்கு வருது.*
*பெரிய மனுசன் வீட்டு முன்னே புல்லு பச்சைப் பச்சை,*
*அரபாத்துப் புள்ளைக்கெல்லாம் அந்தத் தண்ணி பிச்சை.*

கடைசியில், "தெக்பர், ஹமூத் மகள், அரபாத்" என்று தன் பெயரையும் சொல்லி முடித்திருந்தாள். ஒரு வாரத்தில் பாட்டு போன் போனாகத் தாவி ஊரைச் சுற்றிவிட்டது. டாக்ஸியில் கேட்டேன், ரொட்டிக் கடையில் கேட்டேன். தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டு கிடந்த அத்தனை பேரும் கேட்டுவிட்டு, தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பெயரைப் பற்றித்தான் பேசினார்கள்!

எங்கள் குலத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "பாடுறதுக்குன்னு பாணர் வீடுங்க இருக்கு இஸ்ஸல்மூ. நம்ம வீடு ஓதுற வீடு. நாளைக்கிக் கல்யாண வீட்டுல உம்ம தம்பி மக மேல காசு வீசுவானுங்க. நீரு குனிஞ்சு பொறுக்கிக் கொடுப்பீரா?" என்று கேட்டார். வாப்பாவின் முகம் செத்துவிட்டது. அவர் போனதும் தெக்பரைக் கூப்பிட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு கண்ணு. பேர மட்டும் எடுத்துடேன்."

"பேர எடுத்துட்டா அது யாரு கேட்ட கேள்வி, பெரிய வாப்பா? தெருவுல போற காத்தா கேக்குது?"

வாப்பா எழுந்து போய்விட்டார். பெயர் போகவில்லை. அவள் மேலும் நான்கு பாட்டுப் போட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் சிதாத்தி வந்து சேர்ந்தான். ஏசி, ஃபிரிட்ஜ் கொண்டுவந்து விற்கிற வியாபாரி. வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் பெண் கேட்டானாம். "எனக்கு அந்த வாயத்தான் புடிச்சிருக்கு" என்று போனில் அவளிடமே சொன்னான். அவளும் ஒளிவுமறைவில்லாமல் கேட்டாள்: "அந்த வாய மூடச் சொல்ல மாட்டீங்களே?" "சத்தியமா மாட்டேன்" என்றான் பாவி.

சத்தியம் அவளுக்குப் போதவில்லை. ஓதல் பள்ளியில் திருமணச் சட்டத்தைத் தலைகீழாக ஓதியவள் அல்லவா? எங்கள் பக்கத்து நிக்காஹில் பெண் சபைக்குப் போவதில்லை, அவளுக்குப் பொறுப்பான ஆண், அதாவது வலீ, போய்ப் பேசுவார். வலீ ஒரு நிபந்தனை சொல்வது வழக்கம்: முன்னால் ஒரு மனைவி இல்லை, பின்னால் ஒரு மனைவி இல்லை, மீறினால் அவள் விஷயம் அவள் கையில். அதாவது, அந்த நிமிஷமே அவள் நினைத்தால் விடுபட்டுப் போய்விடலாம். இதை ஏழைக் கல்யாணத்திலும் சொல்வார்கள், பணக்காரக் கல்யாணத்திலும் சொல்வார்கள். காகிதம் கிடையாது, சபையில் வாயால் சொன்னால் அதுதான் ஒப்பந்தம்.

நிக்காஹ் அன்று காலையில் தெக்பர் வாப்பாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மருதாணி காயாத கைகளை விரித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"பெரிய வாப்பா, எல்லாரும் சொல்ற அந்த நிபந்தனையச் சொல்லுங்க. அதுக்கப்புறம் இன்னொண்ணு. 'தெக்பர் பாட்ட அவரு தடுக்கக் கூடாது. தடுத்தா அவ விசயம் அவ கையில.' இவ்ளோதான், ஒரு வரி. சொல்லுவீங்கள்ல?"

"சொல்றேம்மா" என்றார் வாப்பா. நான் பக்கத்திலேயே இருந்தேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பின் ஆண்கள் கூடினார்கள், துஆ ஓதினார்கள், பேரீச்சம்பழம் கொடுத்தார்கள், கலைந்தார்கள். வாப்பா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் போய் நின்றேன். "ரெண்டையும் சொன்னீங்களா வாப்பா?"

"சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு" என்றவர் உள்ளே போய்விட்டார். உள்ளே இருந்த தெக்பர் அதைக் கேட்டுக் குலவையிட்டுச் சிரித்தாள்.

நாலு மாசம் நன்றாகத்தான் போனது. அப்புறம் இளைஞர் மன்றத்தில் ஒரு மேடை வந்தது. ஒன்பது ராப்காரர்கள், அதில் ஒரே பெண் தெக்பர். சுவரொட்டியில் பெயர் வந்தது. சிதாத்தி சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டு வந்து தேநீர்த் தட்டின் மேல் போட்டான்.

"என்ன இது?"

"என் பேரு. படிக்கத் தெரியும்ல?"

"என் பொண்டாட்டி பேரு சுவத்துல ஒட்டக் கூடாது. போன்ல பாடினது போதும். அது கல்யாணத்துக்கு முந்தி."

"தடுத்தா என் விசயம் என் கையில. நிபந்தனை ஞாபகம் இருக்கா?"

அவன் சிரித்தானாம். "எந்த நிபந்தனை? எவன் சொன்னான்? கூப்பிடு உன் பெரிய வாப்பாவ."

மறுநாள் காலையில் வாப்பா போனார், கூடவே நானும் போனேன். சாட்சிகள் இரண்டு பேரையும் சிதாத்தி வரவழைத்திருந்தான். சபையில் ஒரு நிபந்தனைதான் கேட்டோம் என்று இருவரும் சொன்னார்கள். எல்லாரும் வாப்பாவைப் பார்த்தார்கள். அவர் தலைப்பாகை நுனியை வாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "சபையில அந்தப் பேச்சு வரல" என்றார்.

வரவில்லையாம்! மழையா அது, தானாக வருவதற்கு? வர வேண்டியது இவர் வாயிலிருந்து அல்லவா?

தெக்பர் பெரிய வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு, அடிக்குரலில் கேட்டேன். "ஏன் வாப்பா?"

"முப்பது ஆம்பளைங்க உக்காந்திருந்தாங்க முனீனா. ஓதுறவங்க, ஹஜ் போனவங்க. அந்தக் கூட்டத்துல, என் தம்பி மக பாடுவாங்கற வார்த்த எனக்கு வாயில வரல. கல்யாணம் ஆனா அவளே விட்டுடுவான்னு நெனச்சேன்."

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? தேநீர்த் தட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். நுரை வர ஆற்றி முதல் கிளாஸை அவர் கையில் கொடுத்தேன். அவரைத் திட்ட என்னிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது, ஒன்றுகூட வெளியே வரவில்லை. வாப்பாவைச் சொல்லிவிட்டேன், என்னை மட்டும் விட்டுவிட்டால் எப்படி?

மேடை அவள் இல்லாமலே நடந்தது. சிதாத்தி மைக்கை எடுத்துத் தன் கடையில் பூட்டி வைத்தான். மருந்துக் கடை வேலையையும் நிறுத்தினான். இதில் என் ரத்தம் கொதிக்கும் சங்கதி இன்னொன்று உண்டு. நெருங்கிய சிநேகிதர்கள் வந்தால், தண்ணீர்ப் பாட்டைப் போனில் போட்டுக் காட்டுவானாம். "கேளு, யாருன்னு தெரியுதா?" என்று மீசையைத் தடவிக்கொள்வானாம். பாட்டு வேண்டும், பாட்டுக்காரி மட்டும் அடுத்த அறையில் இறைச்சி நறுக்க வேண்டும். என்ன ஜென்மம்!

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அவள் என் கடைக்கு வந்தால் துணி அடுக்கின் பக்கம் திரும்பவே மாட்டாள். வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

அப்புறம் ஒரு புதன்கிழமை, ஒரு பெண் என் கடைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும், அடக்கமானவள், பெயர் உம்முல்கைர். கையில் என் கடைப் பை. உள்ளே நான் போன வாரம் விற்ற ஆரஞ்சு நிற மெல்ஹஃபா.

"அக்கா, இதை மாத்திக் குடுப்பீங்களா? கலரு எனக்கு ஆகல. எங்க வீட்டுக்காரரு டிரைவர விட்டு வாங்கினாரு, ஆம்பளைங்களுக்குத் தெரியுமா கலரு?"

"யாரும்மா உங்க வீட்டுக்காரரு?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஏசி வியாபாரம். வெளிய சொல்ல வேணாம்னு இருக்காரு, மறைவு நிக்காஹ். எட்டு மாசமாச்சு" என்றவள், நிறம் எதற்கு மாற்றலாம் என்று காட்ட, கணவன் அனுப்பிய குரல் பதிவைப் போட்டாள். "நீலமே வாங்கிக்க, உனக்கு நீலந்தான் அழகு" என்றது சிதாத்தியின் குரல்.

டிரைவருக்கு அது யார் கடை என்று தெரிந்திருக்காது. சந்தையில் நூறு மெல்ஹஃபா கடை இருக்கிறது, மடையன் என் கடைக்கா வந்து நிற்க வேண்டும்! நான் நீலத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு நிபந்தனை சொல்ல ஒரு வலீ வந்தானோ இல்லையோ, யார் கண்டது?

கடையை அப்படியே பூட்டிவிட்டு தெக்பரிடம் போய்ச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மடியில் இருந்த பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"லாத்தா, ரெண்டாவதத்தானே பெரிய வாப்பா முழுங்கினாரு? மொதல் நிபந்தனை சபையில சொன்னதுதானே?"

"ஆமாடி."

"அப்ப என் விசயம் என் கையில" என்றாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்து கேட்டேன்.

சிதாத்தி காலில் விழாத குறை. பெரியவர்களை அனுப்பினான். அதே குலத்துப் பெரியவர் வந்து, "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். பொறுத்துப் போறதுதான் ஓதுற வீட்டுப் பொண்ணுக்கு அழகு" என்றார். சுவரில் பெயர் ஒட்டினால் மானம் போகுமாம், ஒளிந்து ஒளிந்து நிக்காஹ் செய்தால் போகாதாம். தெக்பர் தீர்ப்புக் கேட்டுக் காஜியிடம் போனாள்.

காஜி கேட்டது வலீயைத்தான். முதல் நிபந்தனை சபையில் சொல்லப்பட்டதா? வாப்பா எழுந்து நின்று, "சொல்லப்பட்டது. முன்னவளும் இல்லை, பின்னவளும் இல்லை. நான்தான் சொன்னேன்" என்றார். குரல் கணீரென்று வந்தது. காஜி தலையசைத்தார். பிறகு, இதையும் கேட்டுவைப்போம் என்பதுபோல், "வேறே ஏதாவது நிபந்தனை உண்டா?" என்றார்.

தெக்பர் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இப்போதாவது சொல்லலாமே. 'அவள் சொல்லச் சொன்னாள், நான்தான் சொல்லவில்லை' என்று அவர் ஒப்புக்கொண்டால் இனி யாருக்கு என்ன நஷ்டம்? வழக்கு ஜெயித்தாயிற்று. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அவள் கேட்டாள் என்பதாவது நாலு பேர் அறிய வேண்டாமா?

"இல்லை" என்றார் வாப்பா.

விடுபட்ட பெண் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் விருந்து. விடுபட்டு வந்த பெண்ணைக் குலவையிட்டு வரவேற்று, பழைய புருஷன் கேட்டு நொந்து போகும்படி அவளைப் புகழ்வது எங்கள் வழக்கம். வாசலில் கூடாரம் போட்டு இரண்டு ஆடு அறுத்தோம். கூடாரத்துக்குள் பெண்கள், பக்கத்துத் துணி விரிப்பின் மேல் ஆண்கள். தெக்பருக்கு என் கடையிலேயே நல்ல மெல்ஹஃபாவாகப் பார்த்து நான் கட்டிவிட்டேன். குலத்துப் பெரியவரும் வந்திருந்தார், இறைச்சி என்றால் அவருக்கு மானம் குறுக்கே நிற்காது.

பெண்கள் முரசு தட்டினார்கள், கைதட்டினார்கள், ஒருத்தி மாற்றி ஒருத்தி புகழ்ந்தார்கள். அப்போது தெக்பர் எழுந்து கூடார வாசலுக்கு வந்தாள். ஆண்கள் பார்க்கும்படி நின்றாள். மைக் இல்லை, பின்னணி இசை இல்லை. கைதட்டுகிற பெண்களைப் பார்த்து, "நிறுத்தாதீங்க" என்றாள். பன்னிரண்டு வயதில் ஓதிய அதே வேகத்தில் ஆரம்பித்தாள்.

*சாட்சி ரெண்டு பேரு, சபை நெறஞ்ச ஊரு,*
*சார்பா ஒரு வாயி, அந்த வாயி யாரு?*
*முன்ன ஒருத்தி இல்ல, சொன்னாரு, சொன்னாரு,*
*பின்ன ஒருத்தி இல்ல, சொன்னாரு, சொன்னாரு,*
*அடுத்த பேச்சு ஒண்ணு இருந்துச்சு...*

அங்கே நிறுத்தினாள். நாலு கைதட்டு போனது. அவள் வாய் திறக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து வந்தாள், மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாள். நாலு கைதட்டு. யாரையும் அவள் பெயர் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் சுற்றில் ஆண்கள் பக்கம் தேநீர் கிளாஸ் சத்தமே இல்லை. எல்லாக் கண்ணும் வாப்பாவின் மேல். இப்போதும் அவருக்கு நேரம் இருந்தது. அவள் அவருக்காகத்தான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்க வாப்பா, சொல்லுங்க என்று உள்ளுக்குள் கத்தினேன். அவர் குனிந்து கிளாஸில் இருந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் சுற்று வந்தது. *அடுத்த பேச்சு ஒண்ணு இருந்துச்சு...*

ஒரு தட்டு. இரண்டு தட்டு.

"தெக்பர் பாட்ட அவரு தடுக்கக் கூடாது! தடுத்தா அவ விசயம் அவ கையில!"

கத்தியது நான்தான். எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. தலையிலிருந்து துணி நழுவித் தோளில் கிடந்தது. ஆண்கள் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாப்பாவைப் பார்த்தே சொன்னேன்: "அவ சொல்லச் சொன்னா. நான் பக்கத்துல இருந்து கேட்டேன். நீங்க முழுங்கிட்டீங்க. தெரிஞ்சும் ரெண்டு வருசம் நானும் முழுங்கிட்டேன்."

வாப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனார். கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு குலவை எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். என் உம்மா.

யாரோ போனில் பதிவு செய்திருக்கிறார்கள். அன்று மாலை மக்ரிப் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் கடைக்கு வந்தவர்கள் துணி பார்க்கும் சாக்கில் என் முகத்தைப் பார்த்தார்கள். குலத்துப் பெரியவர் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்: தெக்பர் குரல் தெரிகிறது, நடுவில் கத்துகிற அந்த இரண்டாவது குரல் யாருடையது என்று மட்டும் வெளியில் சொல்லிவிடாதீர்கள், குடும்ப மானமாவது மிஞ்சட்டும்.

அன்று மதியம் கடைக் கதவைப் பாதி இறக்கினோம். சிதாத்தி கடையிலிருந்து மீட்டு வந்த தன் பழைய மைக்கில் தெக்பர் அந்தப் பாட்டை ஒழுங்காக, முழுசாகப் பதிவு செய்தாள். கடைசியில், "தெக்பர், ஹமூத் மகள், அரபாத்" என்று சொல்லிவிட்டு மைக்கை என் பக்கம் நீட்டினாள். துணியின் சாயம் பட்டு மைக் நீலமாக இருந்தது. நான் அதை வாங்கிச் சொன்னேன்.

"முனீனா, இஸ்ஸல்மூ மகள்."